நிலா அந்துப்பூச்சிக்கு எந்த விளக்கு? எட்டு முழ வேட்டியும் மூன்று விளக்குகளும்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு மதிப்புரை

அந்துப்பூச்சி பார்ப்பதற்கென்றே இப்போது இணையக் கடைகளில் முழு செட்டாகக் கிடைக்கிறது. மடக்குக் கம்பிச் சட்டம், வெள்ளைத் துணி, ஊதாவாக எரியும் விளக்கு, எல்லாவற்றையும் போட்டு எடுத்துப்போக ஒரு பை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்துகொண்டு இதை வாங்க நினைப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: செட் வேண்டாம். துணிக்கு வீட்டில் இருக்கும் எட்டு முழ வேட்டி போதும். காசை விளக்கில் போடுங்கள். கரண்ட் இருக்கும் இடமென்றால் 160 வாட் பாதரசக் கலப்பு பல்பு. இல்லாத இடமென்றால் 365 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) எல்இடி. இரண்டுக்கும் வழியில்லாதபோது மட்டும், கடைகளில் குவிந்து கிடக்கும் 395 நானோமீட்டர் ஃப்ளட் லைட்.

விளக்கு வாங்குகிற எல்லோரும் மனதில் வைத்திருப்பது ஒரே பூச்சியை. நிலா அந்துப்பூச்சி, அறிவியல் பெயர் ஆக்டியஸ் செலீன். செலீன் என்பது கிரேக்கர்களின் நிலாத் தெய்வம். இறக்கையை விரித்தால் 12 செ.மீ. அளவுக்கு இருக்கும், பெரிய பெண் பூச்சி அதையும் தாண்டும். வெளிறிய பச்சை, அதிலே லேசாக நீலம் ஓடும். முன் இறக்கையின் மேல் விளிம்பில் அரக்குச் சிவப்பில் ஒரு கோடு. அது தோளைக் கடந்து மறு இறக்கைக்கும் போவதால், பூச்சி ஒரு கம்பியில் தொங்குவதுபோல் தெரியும். உடம்பு முழுக்க வெள்ளைப் பஞ்சு. நான்கு இறக்கையிலும் பிறை வடிவக் கண் ஒன்று. பின் இறக்கையிலிருந்து நீண்டு, கொஞ்சம் முறுக்கிக்கொண்டு தொங்கும் வால். ஆணா பெண்ணா என்று உணர்கொம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்: ஆணுக்கு அகலமான இறகு போல இருக்கும், பெண்ணுக்கு ஒடுங்கியிருக்கும், பெண்ணின் வயிறு முட்டையால் பருத்திருக்கும்.

வால் அழகுக்கு வந்ததல்ல. இதன் அமெரிக்க உறவான லூனா அந்துப்பூச்சியை வைத்து 2015-ல் வெளியான ஆய்வில், வால் நறுக்கப்பட்டவை வௌவாலிடம் அதிகமாக மாட்டின. சுழலும் வாலின் எதிரொலி வௌவாலைத் திசைதிருப்புகிறது. அது உடம்பை விட்டுவிட்டு வாலைக் கடிக்கிறது. வேட்டியில் வந்து உட்காரும் பூச்சிக்கு ஒரு வால் பாதியில் அறுந்திருந்தால், அது சண்டையில் தப்பி வந்த பூச்சி என்று எண்ணிக்கொள்ளலாம்.

பரவலைப் பொறுத்தவரை, இமயமலை அடிவாரம் தொடங்கி தென்னிந்தியா, இலங்கை வரையும், கிழக்கே சீனா, தென்கிழக்கு ஆசியா வரையும் இருக்கிற பூச்சி இது. மழைக்காட்டில்தான் கிடைக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. புழுவின் தீனி மரங்களில் நம் பக்கத்துக்கு முக்கியமானது ஒதியமரம். வறண்ட இலையுதிர் காட்டு மரம், வேலியில் கம்பாக ஊன்றினாலே துளிர்த்துவிடும். மேலகிரி, அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை அடிவாரம் என்று இந்த இரண்டு மாவட்டத்திலும் மலைச்சரிவுக் காடு பெரும்பாலும் அந்த வகைதான். ஆகவே எந்த ஊரில் பார்க்கலாம் என்பதைவிட எந்த மரத்துக்குப் பக்கத்தில் பார்க்கலாம் என்று கேட்பதுதான் சரி. ஒதியன் இருநூறு மீட்டருக்குள் இல்லாத இடத்தில் எவ்வளவு விலை கொடுத்த விளக்கும் பெரிய உதவி செய்யாது.

காலமும் அந்த மரத்தோடுதான் போகிறது. ஒதியன் தை, மாசி, பங்குனியில் மொட்டையாக நிற்கும். அப்போது புழுவுக்குத் தீனி இல்லை. கோடை மழை இரண்டு மூன்று விழுந்து மரம் தளிர்க்கத் தொடங்கிய பிறகு ஐப்பசி வரைக்கும் விளக்கு வைக்கலாம். தளியும் தேன்கனிக்கோட்டையும் மார்கழிக் குளிரில் விளக்கு வைக்கத் தோதான இடங்கள் அல்ல. இரவு 15 டிகிரிக்குக் கீழே போனால் துணியில் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் பூச்சி வரும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள், மேகம் மூடிய, காற்றில்லாத, புழுக்கமான இரவு சிறந்தது. ஜூலை கடைசியில் வரும் தேசிய அந்துப்பூச்சி வாரம் நமக்கு ஆடிக் காற்றில் மாட்டிக்கொள்கிறது என்பது ஒரு சங்கடம். அந்த வாரத்தில் திறந்த வெளியில் துணி கட்டினால் பாய்மரம் போல அடித்துக்கொள்ளும். வீட்டின் கிழக்குச் சுவரில் ஒட்டினாற்போல் கட்டுங்கள், மேல்காற்று படாது.

இனி விளக்குகள்.

160 வாட் கலப்பு பல்பு பழைய சரக்கு. உள்ளே பாதரச வில்லும் சாதாரண பல்பின் டங்ஸ்டன் இழையும் சேர்ந்திருக்கும். இழையே சோக்கின் வேலையைச் செய்வதால் தனியாக சோக் வேண்டாம், நேராக ஹோல்டரில் மாட்டலாம். புற ஊதாவிலிருந்து நீலம், பச்சை வரை ஒளி கொடுக்கும். அந்துப்பூச்சியின் கண் புற ஊதா, நீலம், பச்சை மூன்றையும் உணர்வதால் இந்தக் கலவை மற்ற இரண்டு விளக்கையும்விட அதிக வகைப் பூச்சிகளைக் கொண்டுவருகிறது. நான்கு மணி நேரம் எரித்தால் முக்கால் யூனிட்கூட ஆகாது.

குறைகளும் இருக்கின்றன. பல்பு கொதிக்கும்; பிளாஸ்டிக் ஹோல்டர் இளகிவிடும், பீங்கான் ஹோல்டர்தான் போட வேண்டும். ஒரு மழைத்துளி பட்டாலே கண்ணாடி வெடிக்கலாம், அதனால் மேலே ஒரு தகரத் தட்டைக் கட்டாயம் கட்டுங்கள். தொங்கவிடுவதா, நிமிர்த்துவதா என்பது பெட்டியில் எழுதியிருக்கும். அதை மாற்றினால் ஆயுள் குறையும். கிராமத்தில் முக்கியமான தொல்லை வோல்டேஜ். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் பல்பு அணைந்துவிடும். அணைந்த பல்பு ஆறினால்தான் மறுபடி பிடிக்கும், சில நிமிடம் ஆகும். அதைப் பழுது என்று நினைத்து ஹோல்டரை ஆட்டி, கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான 2013-ஆம் ஆண்டு மினமாட்டா உடன்படிக்கையில் பொது வெளிச்சத்துக்கான பாதரச விளக்குகளும் நிறுத்தப்பட வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிட்டன. எலக்ட்ரிக்கல் கடைகளில் பழைய இருப்பாகத்தான் இனி கிடைக்கும். கிடைத்தால் இரண்டாக வாங்கி வையுங்கள். உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் எடுத்து, மூடிய டப்பாவில் போடுங்கள்.

365 நானோமீட்டர் எல்இடி பார்க்க மங்கலாக இருக்கும். எரிகிறதா என்றே சந்தேகம் வரும். அதன் ஒளியில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அது தெரியாமல் ‘வெளிச்சமே இல்லை’ என்று குறைந்த நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். 395 நானோமீட்டர் விளக்கு அடர் ஊதாவாகப் பளிச்சென்று எரியும், ஆகவே சக்தி வாய்ந்தது போலத் தோன்றும். அதற்கும் பூச்சி வருகிறது. வயல் பூச்சிகளுக்கு அது போதும். நிலா அந்துப்பூச்சி போன்ற பெரிய காட்டுப் பட்டுப்பூச்சிகளுக்கு 365-ஐ நம்பலாம்.

பெட்டியில் வெறுமனே ‘யூவி’ என்று மட்டும் போட்டு நானோமீட்டர் போடாமல் விற்றால் பெரும்பாலும் அது 395 முதல் 400 வரைதான். சோதிக்கக் கையிலிருக்கும் எந்த ரூபாய் நோட்டும் போதும். இருட்டறையில் நோட்டைப் பிடித்தால், 365-ல் தாள் இருண்டு நிற்க, அதில் கலந்த இழைகளும் எண்களும் தெளிவாக ஒளிரும். 395-ல் நோட்டு முழுவதும் ஊதா வெள்ளத்தில் மூழ்கி, ஒளிர்வதைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படியானால் கொடுத்த காசுக்குச் சொன்ன பொருள் வரவில்லை; திருப்பி அனுப்புங்கள். வாட்டையும் நம்பக்கூடாது. 50 வாட் என்று அச்சிட்ட ஃப்ளட் லைட் அதில் பாதிகூட இழுக்காமல் இருக்கலாம். பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று இருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரியும். இந்த விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. வலி தெரியாது, பாதிப்பு இருக்கும். பாலிகார்பனேட் கண்ணாடி, முழுக்கைச் சட்டை இரண்டும் வேண்டும். குழந்தைகள் இருந்தால் விளக்கைத் துணிக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைக்காதீர்கள்.

பேட்டரி கணக்கைத் தப்பாகப் போட்டு நடுராத்திரியில் இருட்டில் நிற்பவர்கள் உண்டு. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி யூபிஎஸ் பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும், ஆக 42 வாட்-மணிதான் கையிருப்பு. 20 வாட் விளக்கு இரண்டு மணி நேரம். அது நிலா அந்துப்பூச்சிக்குப் போதாது, ஏனென்றால் இந்தக் குடும்பத்துப் பெரிய பூச்சிகள் பத்து மணிக்கு மேல், பல நேரம் நள்ளிரவு தாண்டித்தான் வரும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணி. மாற்றத்தில் போகும் நஷ்டத்தைக் கழித்தால் 60 நிற்கும். 10 வாட் யூஎஸ்பி விளக்கை அது ஆறு மணி நேரம் ஓட்டும். காட்டோரத்துக்கு இதுதான் சிக்கனமான ஜோடி.

வேட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செட்டோடு வரும் பாலியெஸ்டர் துணிதான் அதில் மோசமான பொருள். வழவழவென்று இருப்பதால் பெரிய பூச்சியின் கால் பிடிப்பதில்லை, சறுக்கிக் கீழே விழுந்து படபடக்கிறது. பருத்தி வேட்டியின் நெசவில் நகம் மாட்டும். எட்டு முழம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். குறுக்காகக் கயிற்றில் போட்டு கிளிப் மாட்டினால் நல்ல அகலமான திரை. அடியில் இரண்டடி தரையில் விரிய இன்னொரு பழைய துண்டு போடுங்கள். வந்த பூச்சிகளில் கணிசமானவை தரையில்தான் உட்காரும். துணி விரிக்காவிட்டால் மிதித்துக் கொல்வோம். வேட்டி பழையதாக, சோப்புத்தூள் குறைவாகப் பார்த்ததாக இருந்தால் நல்லது. சோப்புத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் புற ஊதாவில் நீலமாக ஒளிரும். போட்டோவில் பூச்சியின் நிறமே மாறிவிடும்.

விளக்கைத் துணிக்கு ஓரடி முன்னால், நெஞ்சு உயரத்தில் கட்டி, துணியைப் பார்த்துத் திருப்புங்கள். தரையில் வைத்து வானத்தைப் பார்க்கத் திருப்பவே கூடாது. 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டியது இதைத்தான்: பூச்சி விளக்கைத் தேடி ஓடிவருவதில்லை, முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இரவில் வெளிச்சமான பக்கம் என்றால் அது வானம் என்றே அதன் உடம்புக்குப் பழக்கம். விளக்கு கீழே இருந்தால் தலைகீழாகக் கவிழ்ந்து தரையில் மோதுகிறது. நம் அரளிச் செடிக்கு வரும் பச்சை அந்துப்பூச்சி, டாஃப்னிஸ் நீரியை, இப்படி மாட்டாத விதிவிலக்காக அந்த ஆய்வு குறித்திருப்பது ஒரு சுவையான செய்தி. விளக்கு வைத்தும் அது வரவில்லை என்றால் ஊரில் அது இல்லை என்று எழுதிவிடாதீர்கள்; அரளிப் புதரில் புழுவைத் தேடுங்கள்.

முதல் மழைக்கு அடுத்த இரவில் விளக்கு வைப்பவர்கள் ஈசலுக்குத் தயாராக இருக்க வேண்டும். ஏழு மணிக்கு வேட்டி முழுதும் ஈசல்தான். வறுத்துத் தின்ன விரும்புகிறவர்களுக்கு அது விருந்து, அந்துப்பூச்சி பார்க்க வந்தவர் கண்ணுக்கு வேறொன்றும் தெரியாது. ஒன்பது வரை விளக்கைப் போடாமல் இருந்தால் அந்த அலை ஓய்ந்துவிடும். கருப்பும் ஆரஞ்சும் மாறி மாறி வரும், எறும்பு போல ஒல்லியான வண்டு ஒன்றும் வரும். அதைக் கழுத்தில் வைத்து நசுக்கிவிட்டால் மறுநாள் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். ஊதித் தள்ளுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நிலா அந்துப்பூச்சி வரும் வரை வேட்டி காலியாக இருக்காது. நிலக்கடலைக் காட்டுப் பக்கம் முதலில் வருவது சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்: வெள்ளை இறக்கை, பழுப்புக் கீற்று, முன் விளிம்பிலும் தலையிலும் மஞ்சள் பட்டை. ஆமணக்கு இருந்தால் காவடிப்புழுவின் அந்துப்பூச்சி, பின் இறக்கையில் கருப்பு வெள்ளை. மக்காச்சோளப் படைப்புழு நம் மண்ணின் பூச்சி அல்ல, 2018-ல் இந்தியாவில் தென்பட்ட அமெரிக்கச் சரக்கு. பட்டியலில் தனியாக எழுதுங்கள். மாந்தோப்பிலும் மாதுளைத் தோட்டத்திலும் பின் இறக்கை ஆரஞ்சாக இருக்கும் தடித்த பூச்சி வந்தால் அது பழத்தில் ஓட்டை போட்டுச் சாறு உறிஞ்சும் யூடோசிமா. அதன் புழு சீந்தில் கொடியில் வளரும். வேலிச் சீந்திலைப் பார்த்தால் தோட்டத்துக்கு அது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். மருது, இலந்தை இருக்கும் பக்கம் இன்னொரு பெரியது வரலாம்: டசார் பட்டுப்பூச்சி. ஒவ்வொரு இறக்கையிலும் கண்ணாடி பதித்ததுபோல் வட்டமான ஒரு சன்னல், விரலை அதன் பின்னால் வைத்தால் தெரியும்.

‘பட்டுப்பூச்சிதானே’ என்று இங்கே பலர் சொல்வார்கள், தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போய்வருகிற ஊர்களாயிற்றே. மல்பெரிப் பட்டுப்பூச்சி வேறு குடும்பம். மனிதர் கையில் வளர்ந்து வளர்ந்து பறக்கவே மறந்தது, காட்டில் கிடையாது. நிலா அந்துப்பூச்சியும் டசாரும் யாரும் வளர்க்காமல் நம் மலைகளில் தாமாகப் பட்டு நூற்றுக்கொண்டிருப்பவை. கண்டவர்கள் குறித்து வைக்க வேண்டியது அதனால்தான்.

குறித்து வைக்க ஐநேச்சுரலிஸ்ட் செயலி போதும், இலவசம். படத்தை ஏற்றினால் இனம் என்னவென்று அதுவே ஊகிக்கும். நிலா அந்துப்பூச்சியில் பெரும்பாலும் தவறாது. சின்னப் பழுப்புப் பூச்சிகளில் அதன் ஊகத்தை அப்படியே ஏற்கக் கூடாது, குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படம் பார்த்து இனம் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்த கருத்து வந்தால்தான் பதிவு ஆய்வுத் தரம் பெறும், அதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இணையத்தில் மாத்ஸ் ஆஃப் இந்தியா தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். படமெடுக்கும்போது வெள்ளை டார்ச் அடியுங்கள். ஊதா விளக்கில் எடுத்த நிலா அந்துப்பூச்சி நீலமாகவோ வெள்ளையாகவோ விழும். வாலுள்ள சின்ன வெள்ளை அந்துப்பூச்சி ஒன்றும் வருவதுண்டு. அளவு தெரியாத படத்தில் அதை நிலாக் குஞ்சு என்று எழுதிவிடுகிறார்கள். அந்துப்பூச்சியில் குஞ்சு கிடையாது, கூட்டை விட்டு வந்தபின் வளராது. பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து எடுத்தால் இந்தக் குழப்பமே வராது. குறிப்பில் அருகிலுள்ள மரங்களையும் எழுதுங்கள். பரவலை ஆராய்பவருக்கு அந்த ஒரு வரி பத்துப் படத்துக்குச் சமம்.

விவசாயிகளுக்கு விற்கும் சூரியசக்தி விளக்குப்பொறி இந்த வேலைக்கு ஆகாது. கீழே சோப்புத் தண்ணீர்த் தட்டு இருக்கும். வந்த அனைத்தும் சாகும். பயிருக்கு வைப்பவர்களும் இரவு முழுக்க எரியவிடாமல் பத்து மணிக்குள் அணைத்துவிடுவது நல்லது.

இடம் பற்றி ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள்ளும் காவேரி வடக்கு, காவேரி தெற்குச் சரணாலயங்களுக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் நுழைவது குற்றம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் சாலைகளில் யானை நடமாட்டம் உண்டு. விளக்குக்குப் பக்கத்தில் நிற்கும்போது இருட்டில் எதுவும் தெரியாது. மலையடிவார ஊரில் தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடி, தோப்பின் வீட்டோர மூலை, இவையே போதும். கீழே துணியைத் தூக்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்: பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும்.

வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஒரே இடத்தில் விளக்கு வைக்காதீர்கள். நிலா அந்துப்பூச்சிக்குச் சாப்பிடும் வாயே இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஏறக்குறைய ஒரு வாரம் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு முடித்துவிடும். நம் வேட்டியில் அது உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு இரவும் அதன் ஆயுளில் ஏழில் ஒரு பங்கு. படம் எடுத்தவுடன் விளக்கை அணையுங்கள். இறக்கையைப் பிடிக்காமல், முன்னங்காலுக்கு முன்னால் விரலை வைத்தால் தானாக ஏறிக்கொள்ளும். குளிர்ந்திருந்தால் பறக்கும் முன் இறக்கையை வேகமாக நடுக்கிச் சூடேற்றும், அதுவரை கையை அசைக்க வேண்டாம். ஒதியனின் தண்டில், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே, வெளிச்சம் படாத பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். விடியும்வரை துணியிலேயே விட்டால் கரிச்சானும் மைனாவும் வந்து முடித்துவிடும். காலையில் வேட்டிக்குக் கீழே பச்சை இறக்கை மட்டும்தான் கிடக்கும்.